பன்றியின் கணையமும் மனிதரின் நீரிழிவும்

நீரிழிவு என்ற ஒரே பெயரால் வழங்கப்படும் நோய்களுள் முதல் வகை எனப்படுவது, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையென்று கொண்டு அழித்துவிடுவதால் தோன்றுவது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தலைகாட்டும் இந்நோயில் இன்சுலின் சுரப்பு நாளடைவில் ஏறக்குறைய நின்றுவிடுவதால், அதை வெளியிலிருந்து செலுத்தாவிட்டால் நோயாளி பிழைப்பதற்கில்லை. நடுவயதினர் ‘சுகர்’ என்று பேச்சில் குறிப்பிடுவது பெரும்பாலும் வேறொன்று. பரம்பரை, உடல் பருமன், உழைப்புக் குறைவு ஆகியவற்றோடு தொடர்புடைய அந்த இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; ஏனெனில் விலங்குகளின் செல்களை மனித உடலில் பொருத்தி நீரிழிவைத் தீர்க்கும் முயற்சி முதல் வகையினரை எண்ணியே நடைபெறுகிறது, அவர்களிலும் மிகக் கடுமையான நிலையில் உள்ள ஒரு சிறு பகுதியினருக்கே அது இப்போதைக்குப் பொருந்தும்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் நீண்ட சுரப்பி. அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கும் நொதிகளை உண்டாக்குவதிலேயே ஈடுபட்டிருக்க, இடையிடையே வேறு தோற்றமுள்ள சிறு செல் கூட்டங்கள் சிதறிக் கிடப்பதை 1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் நாயொன்றின் கணையத்தை முழுவதுமாக அகற்றியபோது அதற்குக் கடும் நீரிழிவு உண்டானதைக் கண்டனர். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கூட்டங்கள் ஒரு மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு அகலமுடையது. எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

இத்திட்டுகளில் மிகுதியாக உள்ள பீட்டா செல்கள் இரத்தத்தின் சர்க்கரை அளவைத் தாமே கணித்து, அது ஏறும்போது சில நிமிடங்களுக்குள் இன்சுலினை வெளியிட்டு, இறங்கும்போது நிறுத்திக்கொள்கின்றன. ஊசியால் செலுத்தப்படும் இன்சுலினுக்கு இந்த அறிவு கிடையாது. எவ்வளவு உண்ணப்போகிறோம், எவ்வளவு உழைக்கப்போகிறோம் என்று நோயாளியே முன்கூட்டி மதிப்பிட்டு அளவை முடிவு செய்ய வேண்டியிருப்பதால், கணக்கு தவறும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வருகின்றன, சில வேளை மரணமும் நேர்கிறது. பல ஆண்டுகள் நோயுடன் வாழ்ந்தவர்களில் சிலருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கை அறிகுறிகளே தோன்றாமல் போய்விடுகின்றன. அவர்கள் உறங்கச் செல்லும் ஒவ்வோர் இரவும் வீட்டாருக்குக் கவலைதான். இத்தகையோரை மனத்தில் வைத்தே மருத்துவ உலகம் இன்சுலினுக்குப் பதிலாக அதைச் சுரக்கும் செல்லையே கொடுத்துவிட முடியுமா என்று எண்ணத் தொடங்கியது.

அந்த எண்ணம் இன்சுலினைவிடப் பழமையானது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1893 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், நீரிழிவால் இறக்கும் நிலையிலிருந்த பதினைந்து வயதுச் சிறுவனின் தோலுக்கடியில், அப்போதுதான் அறுக்கப்பட்ட செம்மறியாட்டின் கணையத் துண்டுகள் மூன்றைப் பொருத்தும்படி வாட்சன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் ஏற்பாடு செய்தார். சிறுவன் மூன்று நாள்களில் இறந்துபோனான். ஓர் உடல் மற்றோர் உடலின் திசுவை ஏன் ஏற்பதில்லை என்பது அக்காலத்தில் யாருக்கும் தெரியாதிருந்ததை நினைத்தால், தோல்வி எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் நோயின் இருப்பிடத்தைப் பற்றிய அவருடைய ஊகம் சரியாகவே இருந்தது.

1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் மக்லியோடின் ஆய்வகத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்க, கோலிப் அதைத் தூய்மைப்படுத்த, 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம், உலகெங்கும் நீரிழிவாளர்கள் போட்டுக்கொண்ட இன்சுலின் இறைச்சிக் கூடங்களில் சேகரிக்கப்பட்ட மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டதே. இன்சுலினின் கட்டமைப்பைப் பிரெடரிக் சாங்கர் 1950களில் கண்டறிந்த பிறகு, ஐம்பத்தோர் அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் மாட்டினுடையது மனிதருடையதிலிருந்து மூன்று இடங்களிலும் பன்றியினுடையது ஒரே ஓர் இடத்திலும் வேறுபடுவது தெரியவந்தது. மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலின் 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெறும்வரை விலங்கின் சுரப்பு மனித உடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே பன்றியின் செல் சுரக்கும் இன்சுலின் மனிதரிடம் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு விடை நெடுநாளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்தச் செல்லை உயிரோடு உள்ளே தங்கவைப்பதற்கு உடல் என்ன விலை கேட்கும் என்பதே எஞ்சியிருந்த கேள்வி; கடந்த அரை நூற்றாண்டின் ஆராய்ச்சி முழுவதும் அந்த விலையைக் குறைக்கும் பேரமாகவே நடந்துவந்துள்ளது.

திட்டுகளைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழியை 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால் லேசி கண்டறிந்தார்: செல்களைப் பிணைத்திருக்கும் நார்ப்பொருளைக் கரைக்கக்கூடிய கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்தினால், கணையத் திசு நெகிழ்ந்து திட்டுகள் தனித்தனியே உதிர்கின்றன. அவற்றை நீரிழிவுற்ற எலிகளில் பொருத்தியபோது நோய் தணிந்ததை 1970களின் தொடக்கத்தில் அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாகத் திட்டுகளைச் செலுத்திக் கல்லீரலில் குடியேற்றுவதே சிறந்தது என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. இன்றும் மனிதத் திட்டு மாற்று சிகிச்சை அவ்வாறே நடைபெறுகிறது. வயிற்றைக் கிழிக்கும் பெரிய அறுவை இல்லை. தோல் வழியாக மெல்லிய குழாயொன்றைச் சிரைக்குள் நுழைத்து, சில மில்லிலிட்டர் அளவே உள்ள திட்டுகளைத் திரவத்தில் மிதக்கவிட்டு மெதுவாக இறக்கிவிடுகின்றனர்.

கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவும் குழுவினரும், இறந்தோர் தானமாக அளித்த கணையங்களிலிருந்து எடுத்த திட்டுகளை ஏழு நோயாளிகளுக்குச் செலுத்தி, ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டதாக 2000-இல் அறிவித்தபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பீட்டா செல்லுக்குக் கேடு செய்யும் ஸ்டீராய்டு மருந்துகளைத் தவிர்த்ததும், ஒருவருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கொடையாளிகளின் திட்டுகளைக் கொடுத்ததும் அவர்களுடைய முறையின் சிறப்பு. பின்னர் பல நாடுகளில் 36 பேரிடம் அதே முறை சோதிக்கப்பட்டு 2006-இல் முடிவு வெளியானபோது படம் சற்று மங்கியது. ஓராண்டுக்குப் பிறகு ஊசியின்றி இருந்தவர்கள் 16 பேர், அவர்களிலும் இரண்டாம் ஆண்டின் இறுதிவரை அந்நிலையில் நீடித்தவர்கள் 5 பேர் மட்டுமே. முழு விடுதலை நிலைக்காவிட்டாலும், திட்டுகள் ஓரளவு இயங்கியவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மயக்கங்கள் வராமல் நின்றன என்பது சிறிய பயனன்று. ஆனால் அதற்காக அவர்கள் வாழ்நாள் முழுவதும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை உண்ண வேண்டியிருந்தது; அம்மருந்துகளோ தொற்றுக்கும் புற்றுக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் வழிவிடுபவை. நன்றாக ஊசி போட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நோயை வாங்குவதாகவே முடியும்.

இதனோடு தட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நோயாளியின் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் திட்டுகள் தேவை. எல்லாக் கணையமும் பிரித்தெடுக்கத் தகுதியானதாக இருப்பதில்லை, பிரித்தெடுக்கும்போதும் பாதிக்கு மேல் வீணாகலாம். உறுப்புக் கொடை மிகுந்த நாடுகளில்கூட, இறந்தோரின் கணையங்களை மட்டும் நம்பினால் முதல் வகை நோயாளிகளில் மிகச் சிலருக்கே இது எட்டும். இந்த இடத்தில்தான் பன்றி வந்து நிற்கிறது. நான்கு மாதத்துக்கும் குறைவான சினைக்காலம், ஒரே ஈற்றில் பத்துக்கு மேற்பட்ட குட்டிகள், மனிதருக்கு நெருக்கமான இரத்தச் சர்க்கரை அளவு, அறுபதாண்டுக் காலம் மருந்தாகவே பயன்பட்ட இன்சுலின், உணவுக்காக ஏற்கெனவே கோடிக்கணக்கில் வளர்க்கப்பட்டு வருவது ஆகிய அனைத்தும் அதன் பக்கம் உள்ளன. மனிதருக்கு இனவுறவில் நெருங்கிய குரங்குகளை நாடலாமே என்று தோன்றலாம். அவை குறைவாகவே பெருகுகின்றன, நோய்க்கிருமிகள் இனம் தாண்டுவதும் அந்த நெருக்கத்தால் எளிதாகிறது, அவற்றைக் கொல்வதற்கு எதிரான மனவுணர்வும் வலிது.

மீன்களும் இந்த வரலாற்றில் ஓர் ஓரத்தில் இடம்பெற்றுள்ளன. எலும்புள்ள மீன்கள் சிலவற்றில் இன்சுலின் திட்டுகள் செரிமானத் திசுவோடு கலவாமல் கண்ணுக்குத் தெரியும் தனி உருண்டைகளாகவே திரண்டிருப்பதால், நொதியால் கரைக்கும் வேலையே தேவைப்படுவதில்லை. 1922-இலேயே மக்லியோட் மீன்களிலிருந்து இன்சுலின் எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் கனடாவில் திலாப்பியா மீனின் மரபணுவை மாற்றி, மனித இன்சுலினை ஒத்ததைச் சுரக்கவைக்கும் முயற்சியும் நடந்தது. மீனின் இன்சுலின் மனிதருடையதிலிருந்து மிகவும் விலகியது என்பதாலேயே அந்த மாற்றம் தேவைப்பட்டது. அம்முயற்சி ஆய்வகத்தைத் தாண்டவில்லை.

பன்றியென்று முடிவு செய்த பிறகும் எந்த வயதுப் பன்றி என்ற கேள்வி எழுகிறது. முதிர்ந்த பன்றியின் திட்டுகள் உடனடியாக வேலை செய்யக்கூடியவை, ஆனால் பிரித்தெடுக்கும்போது எளிதில் சிதைந்துபோகின்றன. பிறந்து சில நாள்களோ வாரங்களோ ஆன குட்டிகளின் திட்டுகள் உறுதியானவை, ஆக்சிஜன் குறைவைத் தாங்குபவை, ஆனால் முதிர்ந்து இன்சுலின் சுரக்கப் பல வாரங்கள் எடுத்துக்கொள்பவை. கருவிலிருக்கும் குட்டியின் செல்கள் பெருகும் ஆற்றல் கொண்டவையாயினும் மிகவும் பிந்தியே பயன் தருபவை. முதலில் சோதிக்கப்பட்டவை இந்தக் கடைசி வகையே. 1990-க்கும் 1993-க்கும் இடையில் ஸ்டாக்ஹோமில் கார்ல் குரோத்தின் குழு, பன்றிக் கருக்களின் திட்டுச் செல் திரள்களைப் பத்து நோயாளிகளுக்குப் பொருத்தியது. அவர்கள் அனைவரும் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு உரியவர்கள் என்பதால் எதிர்ப்படக்கும் மருந்துகளை எப்படியும் எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள். புதிய ஆபத்தைக் கூடியவரை குறைக்கும் நோக்கில் செய்யப்பட்ட நல்ல தேர்வு அது.

அந்தச் சோதனையில் வெற்றியை அளந்த விதம் குறிப்பிடத்தக்கது. செல்லுக்குள் இன்சுலின் உருவாகும்போது அதனோடு ஒட்டியிருந்து, பின்னர் வெட்டி விடப்படும் துணைத்துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். ஊசி இன்சுலினில் இது இருப்பதில்லை, பன்றியினுடையதும் மனிதருடையதும் வேறுபட்டவை. ஆகவே நோயாளியின் சிறுநீரில் பன்றியின் சி-பெப்டைடு தென்பட்டால், உள்ளே பன்றிச் செல்கள் உயிருடன் சுரந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். ஸ்டாக்ஹோம் நோயாளிகளில் நால்வருக்கு அது 200 முதல் 400 நாள்கள்வரை தென்பட்டது. எவருடைய இன்சுலின் தேவையும் குறையவில்லை. மருத்துவப் பயன் ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். எனினும் வேற்று இனத்தின் செல் மனித உடலில் ஓராண்டளவு தாக்குப்பிடித்தது என்ற செய்தி, மூன்று நாளில் முடிந்துபோன பிரிஸ்டல் முயற்சிக்குப் பின் ஒரு நூற்றாண்டில் அறிவியல் கடந்த தூரத்தைக் காட்டியது.

பன்றிச் செல்லை மனித உடல் எதிர்ப்பது பல அடுக்குகளாக நிகழ்கிறது. பன்றி உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளின் செல் மேற்பரப்பில் ஆல்ஃபா-கால் எனப்படும் சர்க்கரை மூலக்கூறு உள்ளது. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் அதை உண்டாக்கும் திறனைப் பரிணாமத்தில் இழந்துவிட்டதால், குடல் பாக்டீரியாக்களில் காணப்படும் அதே மூலக்கூறுக்கு எதிரான ஆன்டிபாடிகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்தே மனித இரத்தம் சேமித்து வைத்திருக்கிறது. பன்றியின் சிறுநீரகத்தையோ இதயத்தையோ மாற்றமின்றிப் பொருத்தினால் சில நிமிடங்களில் கறுத்துப்போவது இந்த ஆன்டிபாடிகளால்தான். முதிர்ந்த பன்றியின் திட்டுகளில் இம்மூலக்கூறு மிகக் குறைவு என்பது அனுகூலம். குட்டிகளின் திட்டுகளிலோ அது கூடுதலாகவே உள்ளது. இரண்டாவது தடை, திட்டுகள் இரத்தத்தில் கலந்த கணமே அவற்றைச் சுற்றி இரத்தம் உறையத் தொடங்கி, அழற்சி மூண்டு, செலுத்தியவற்றில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே அழிந்துபோவது. மனிதத் திட்டுகளுக்கும் இது நேர்வதுண்டு, பன்றித் திட்டுகளுக்கு இன்னும் கடுமையாக நேர்கிறது. இவற்றைக் கடந்து எஞ்சுபவற்றை நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தேடிவந்து தாக்குபவை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். இவ்வளவுக்கும் மேல், பீட்டா செல்லையே குறிவைத்து நோயை உண்டாக்கிய பழைய பகையும் அந்த உடலில் ஆறாமல் கிடக்கிறது.

எதிரியை அடக்குவதற்கு மாறாக விருந்தாளியை ஒளித்துவைப்பது மற்றொரு வழி. 1980-இல் லிம், சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், எலித் திட்டுகளை ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருளாலான நுண்ணுறைகளுக்குள் அடைத்துப் பொருத்தி, எதிர்ப்படக்கும் மருந்தின்றியே சர்க்கரையைச் சில வாரங்கள் கட்டுப்படுத்திக் காட்டினர். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது ஆல்ஜினேட். மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் இராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள் சேகரிக்கும் சர்காசம் பாசியும் உணவுத் தொழிலுக்கும் துணி அச்சுக்கும் இதே பொருளைத் தருவதுதான், மருத்துவத்துக்கு அதை மிக நுணுக்கமாகத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதே வேறுபாடு. உறையின் நுண்துளைகள் வழியாகச் சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே வர, இன்சுலின் வெளியே செல்ல, உருவில் பெரிய வெள்ளணுக்கள் மட்டும் நுழைய முடியாமல் நின்றுவிடுகின்றன.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் இடறுகிறது. திட்டுகள் ஆக்சிஜனுக்குப் பெரும் பசி கொண்டவை. கணையத்தின் எடையில் இரண்டு விழுக்காடுகூட இல்லாத அவை, கணையத்துக்கு வரும் இரத்தத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் தமக்கென இழுத்துக்கொள்பவை. உறைக்குள் இரத்தக் குழாய் வளர வழியில்லாததால், நடுவிலுள்ள செல்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. மேலும், உறை என்பதும் உடலுக்கு அந்நியப் பொருளே என்பதால் அதைச் சுற்றித் தழும்புத் திசு படர்ந்து, துளைகளை அடைத்துவிடுகிறது. கூழின் வேதியமைப்பை மாற்றித் தழும்பைத் தடுக்கவும், வெளியிலிருந்து ஆக்சிஜன் நிரப்பக்கூடிய சிறு பேழைகளுக்குள் திட்டுகளை வைக்கவும் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் முயற்சிகள் நடந்துவருகின்றன.

உறையிட்ட பன்றித் திட்டுகளை மனிதரிடம் மிக நீண்ட காலம் சோதித்த நாடு நியூசிலாந்து. ஆக்லாந்து நகரக் குழந்தை மருத்துவரான பாப் எலியட் 1996-இல் முதல் வகை நோயாளி ஒருவரின் வயிற்றறைக்குள் இவற்றைச் செலுத்தினார்; நோயாளியின் இன்சுலின் தேவை மூன்று மாத அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்து, ஓராண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வயிற்றைக் குழாய்க் கேமராவால் ஆராய்ந்தபோது உறைகள் சிலவற்றில் உயிருள்ள பன்றிச் செல்கள் இன்னும் இருந்ததாகவும், அவை சிறிதளவு இன்சுலின் சுரந்ததாகவும் 2007-இல் வெளியான ஆய்வறிக்கை கூறியது. ஒரே நோயாளியைப் பற்றிய இந்தச் செய்தி பத்திரிகைகளில் பெற்ற இடம் அதன் தகுதிக்குச் சற்று அதிகம் என்றே கருத வேண்டும். செல் உயிரோடிருப்பது ஒன்று, நோயாளிக்குப் போதுமான அளவு வேலை செய்வது வேறொன்று.

எலியட்டின் முயற்சியிலிருந்து வளர்ந்த லிவிங் செல் டெக்னாலஜீஸ் நிறுவனம் பிற்காலத்தில் பயன்படுத்திய பன்றிகளின் வரலாறு தனிச் சிறப்புடையது. நியூசிலாந்தின் தெற்கே, குளிர்ந்த தென்கடலில் 450 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆக்லாந்து தீவுகளில், கப்பல் உடைந்து கரையேறுவோருக்கு உணவாகட்டும் என்ற எண்ணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே பன்றிகள் விடப்பட்டிருந்தன. அவை உலகிலுள்ள மற்றப் பன்றிகளோடு கலவாமல் தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்ததால், பண்ணைப் பன்றிகளைப் பீடிக்கும் பல நோய்க்கிருமிகள் அவற்றை எட்டவேயில்லை. தீவின் இயற்கைச் சூழலைக் காக்கும் பொருட்டு அவற்றை அழிக்க அரசு எண்ணியிருந்த வேளையில், அரிய கால்நடை இனங்களைப் பேணும் ஆர்வலர்கள் 1999-இல் சிலவற்றைப் பிடித்து இன்வர்கார்கில் நகருக்குக் கொண்டுவந்தனர். எந்த மருத்துவ நோக்கமும் இன்றி மீட்கப்பட்ட அந்தச் சிறு கூட்டத்தின் சந்ததிகளே, வடிகட்டிய காற்றும் கண்காணிக்கப்பட்ட தீவனமும் உள்ள தொழுவங்களில் வளர்க்கப்பட்டு, ரஷ்யா, நியூசிலாந்து, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் நடந்த சோதனைகளுக்குத் திட்டுகளை வழங்கின. அர்ஜென்டினாவில் எட்டுப் பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது; அதிக அளவு பெற்றவர்களிடம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 விழுக்காட்டுக்குக் கீழே 600 நாள்களுக்கு மேல் நின்றது, உணராமல் வரும் தாழ்சர்க்கரையும் குறைந்தது. இன்சுலின் ஊசியை அறவே கைவிட்டவர் எவருமில்லை.

மெக்சிகோவில் நடந்தது சற்றுக் கசப்பானது. அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ரஃபேல் வால்தேஸ் என்ற மருத்துவர், பன்றித் திட்டுகளோடு, எதிர்ப்பைத் தணிக்கும் இயல்புள்ள விரைச் செல்களையும் சேர்த்து, தோலுக்கடியில் வைத்த சிறு கூண்டுகளில் பன்னிரண்டு வளரிளம் பருவத்தினருக்குப் பொருத்தினார். பாதிப் பேருக்கு இன்சுலின் தேவை குறைந்ததாக 2005-இல் எழுதினார். குரங்குகளில் போதிய சான்று கிடைக்குமுன், தாமாக ஒப்புதல் அளிக்கும் வயது வராதவர்களிடம் இதைச் செய்யலாமா என்று அயலின உறுப்பு மாற்று ஆராய்ச்சியாளர்களின் பன்னாட்டுச் சங்கம் கேள்வி எழுப்பியது. அந்தக் கேள்வி நியாயமானது. பயன் எவ்வளவு என்பது தெரியாத ஒன்றை, ஆபத்து எவ்வளவு என்பதும் தெரியாத நிலையில், சிறுவர்களிடம் தொடங்குவது முறையாகாது.

ஆபத்து என்று அன்று அஞ்சப்பட்டது நோயாளி ஒருவரோடு நின்றுவிடக்கூடியதன்று. பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாக அதனோடு பிறக்கும் ஒருவகை ரெட்ரோவைரஸ் பதிந்து கிடக்கிறது. எவ்வளவு தூய்மையான தொழுவத்தில் வளர்த்தாலும் அதை அகற்ற முடியாது. அந்த வைரஸ் ஆய்வகத்தில் மனிதச் செல்களைத் தொற்ற வல்லது என்று 1997-இல் லண்டனில் ராபின் வைஸின் குழு காட்டியபோது, குரங்கிடமிருந்து வந்த எய்ட்ஸின் நினைவு பசுமையாக இருந்த உலகம் திடுக்கிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பன்றித் திசுச் சோதனைகளை உடனே சிறிது காலம் நிறுத்திவைத்தது. பன்றித் திசுவோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புற்ற 160 நோயாளிகளைத் தேடிப் பிடித்துச் சோதித்த ஆய்வு 1999-இல் வெளியானது. எவரிடமும் அந்த வைரஸின் தொற்று காணப்படவில்லை. பிறகு மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் நுட்பம் வந்தது. ஜார்ஜ் சர்ச்சின் ஹார்வர்டு ஆய்வகம் 2015-இல் பன்றிச் செல் ஒன்றில் அந்த வைரஸின் 62 படிகளையும் ஒரே முயற்சியில் செயலிழக்கச் செய்தது. 2017-இல் அத்தகைய செல்களிலிருந்து வைரஸ் செயலற்ற குட்டிகள் பிறந்தன. ஆனால் 2022-இல் பால்டிமோரில் மரபணு மாற்றப்பட்ட பன்றி இதயத்தைப் பெற்று இரண்டு மாதம் வாழ்ந்தவரிடம் கண்டறியப்பட்டது, முற்றிலும் வேறொரு சாதாரணப் பன்றி வைரஸ். முன்சோதனைகளில் அது தப்பியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு வாசலைக் காத்தவர்கள் மற்றொன்றைச் சரியாகத் தாழிடவில்லை என்பதே இதன் பொருள்.

சான்றைக் குரங்குகளிடம் தேடிய ஆராய்ச்சி இதற்கிடையே மெதுவாக முன்னேறியது. 2006-இல் மினசோட்டாவிலும் அட்லாண்டாவிலும் இரண்டு குழுக்கள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட குரங்குகளைப் பன்றித் திட்டுகளால் நூறு நாள்களுக்கு மேல் இன்சுலினின்றி வாழவைத்தன. 2015-இல் சோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு அதை அறுநூறு நாள்களுக்கு மேல் நீட்டியது. டி செல்கள் பிற எதிர்ப்புச் செல்களைத் தூண்டப் பயன்படுத்தும் சிடி154 என்ற சமிக்ஞையை ஓர் ஆன்டிபாடியால் அடைத்ததே இந்த நீட்சிக்கு முக்கியக் காரணம். அந்த ஆன்டிபாடியின் பழைய வடிவம் மனிதரிடம் இரத்தக் கட்டிகளை உண்டாக்கியதால் மருந்தாக முடியாமல் கிடந்தது. அக்குறை நீக்கித் திருத்திய வடிவம் இப்போது சிகாகோவில் மனிதத் திட்டு மாற்றிலேயே சோதிக்கப்படுகிறது. பன்றிச் செல்லுக்காகக் கற்ற பாடம் மனிதச் செல்லுக்கு முதலில் பயன்படுவது இந்தத் துறையில் அடிக்கடி நேர்வது.

சமயமும் அறமும் இதில் கேட்கும் கேள்விகள் வேறு வகையின. பன்றியை விலக்கப்பட்டதாகக் கொள்ளும் இஸ்லாமிய, யூத மரபுகளில், உயிர் காக்க வேறு வழியில்லாதபோது அந்த விலக்கு தளர்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. பன்றி இன்சுலின் காலத்திலேயே இது பேசித் தீர்க்கப்பட்டது. அதைவிடக் கடினமானது ஒப்புதல் பற்றியது. பொதுவாக எந்த மருத்துவச் சோதனையிலிருந்தும் நோயாளி விரும்பியபோது விலகிக்கொள்ளலாம். பன்றிச் செல் பெற்றவரோ, தொற்று ஏதும் பரவவில்லை என்று உறுதி செய்வதற்காக வாழ்நாள் முழுவதும் இரத்தப் பரிசோதனைக்கு உடன்பட வேண்டும், இரத்த தானம் செய்யக்கூடாது, சில வேளை குடும்பத்தாரும் பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும். சீனாவின் சாங்ஷா நகரில் 2008-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய பன்னாட்டுக் கலந்தாய்வு, அரசின் கட்டுப்பாடின்றி இச்சிகிச்சை எந்த நாட்டிலும் நடைபெறலாகாது என்று வலியுறுத்தியதற்கு இதுவே காரணம்.

பன்றி இப்படி ஒவ்வொரு தடையாகக் கடந்துகொண்டிருக்க, வேறொரு பாதையில் புறப்பட்டவர்கள் முந்திக்கொண்டனர். எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல்லை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டனின் குழு 2014-இல் வெளியிட்டது. அதன் வழிவந்த செல்களை முழு அளவு பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஓராண்டின் முடிவில் ஊசியின்றி இருந்தனர் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. பன்றித் திட்டுகள் மனிதரிடம் எந்தச் சோதனையிலும் எட்டாத முடிவு அது. ஆயினும் அங்கும் எதிர்ப்படக்கும் மருந்து உண்டு. பங்கேற்றோரில் ஒருவர் மூளையுறையில் ஏற்பட்ட பூஞ்சைத் தொற்றால் இறந்ததும் உண்டு. இன்சுலின் பம்பும் தொடர் சர்க்கரைக் காணியும் இணைந்து தாமே அளவை மாற்றிக்கொள்ளும் கருவிகள் ஆண்டுக்காண்டு மேம்பட்டு வருவதால், செல் மாற்று தேவைப்படுவோரின் எண்ணிக்கையும் செல்வ நாடுகளில் குறைந்துகொண்டே வருகிறது.

2024 டிசம்பரில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், மனிதக் கொடையாளி ஒருவரின் திட்டுச் செல்களில் எதிர்ப்பைத் தூண்டும் அடையாளங்களை மரபணு வெட்டால் நீக்கி, தாக்க வரும் செல்களைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கூடுதலாக ஏற்றி, நோயாளியின் முன்கைத் தசையில் பொருத்தினர். எதிர்ப்படக்கும் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை; பல வாரங்கள் கழித்தும் செல்கள் உயிரோடிருந்து சி-பெப்டைடைச் சுரந்தன. செலுத்திய அளவு மிகச் சிறியது என்பதால் நோயாளி ஊசியைத் தொடர்கிறார். செல்லின் முகத்தையே மாற்றி உடலை ஏமாற்றும் இந்த எண்ணம், ஆல்ஃபா-கால் நீக்கப்பட்ட பன்றிக் குட்டிகளை 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது. மனித எதிர்ப்பைத் தணிக்கும் புரதங்களைப் பன்றிக்குள் ஏற்றும் வேலையும் அதற்கு முன்பே தொடங்கியதுதான்.

பன்றிக்கு இன்னும் எஞ்சியிருக்கும் வலிமை அளவிலும் விலையிலும்தான் இருக்கிறது. ஸ்டெம் செல்லைப் பீட்டா செல்லாக மாற்ற, விலையுயர்ந்த வளர்ச்சிக் காரணிகளை ஊற்றி, கிருமியற்ற கலன்களில் வாரக்கணக்கில் படிப்படியாகப் பேண வேண்டும்; ஒரு பன்றிக்குட்டியோ, வேண்டிய மரபணு மாற்றங்களை ஒரு முறை பெற்றுவிட்டால், அவற்றைத் தன் சந்ததிக்குத் தானே கடத்திவிடும். ஆனால் அந்தக் குட்டி சாதாரணப் பண்ணையில் வளர முடியாது. அறுவையால் பிறந்து, தாய்ப்பால் இன்றி, வடிகட்டிய காற்றில், ஒவ்வொரு வைரஸுக்கும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு வளர வேண்டும். அத்தகைய தொழுவங்கள் உலகில் மிகச் சிலவே உள்ளன. அவற்றில் வளரும் பன்றிகளும் இப்போது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்குமே ஒதுக்கப்படுகின்றன.